போத்தி வெய்யி சாமி, பொட்டிக்குக் குளுரப் போகுது

ஏஞ்சாமி, அந்தக் கம்ப்யூட்டரு மறுக்காவும் ஓடிக்கிட்டிருக்கறப்பவே டப்புனு அணைஞ்சு போச்சாமா? உன்ற அப்பத்தா வந்து வெசனப்பட்டுச் சொல்லுச்சு. வெசனப்படாம என்ன பண்ணும்? நீ பாக்காத வைத்தியமா? விண்டோசை அழிச்சுட்டு மறுபடியும் போட்டே. வைரஸா இருக்கும்னு காசு குடுத்து ஆன்டிவைரஸ் வாங்குனே. பத்தாததுக்கு, கம்ப்யூட்டரைக் குளுகுளுன்னு ஆக்கறேன்னு சொன்ன ஏதோ ஒரு சாஃப்ட்வேரையும் எறக்கிப் போட்டியாமா. போட்டதும் திரையில பனிக்கட்டி படம் வந்துச்சாமா. நெம்ப நல்லது கண்ணு. சித்திரை மாசத்துல பனிக்கட்டியைப் படத்துலயாவது பாக்கக் கிடைச்சுதே, அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்.

இத்தனையும் பண்ணுனவன் ஒண்ணே ஒண்ணுதான் பண்ணலை. அந்தப் பொட்டியைத் தொட்டுப் பாக்கலை. நான் பாத்தேன். பக்கத்துத் தகரத்துல வெச்ச கை அங்க நிக்கலை. அதும்மேல உன்ற அப்பத்தா பூப்போட்ட துணி ஒண்ணைப் போத்தி வெச்சிருக்குது, தூசி விழுகக் கூடாதாமா. தூசி உள்ள எறங்காம இருக்கறதுக்கும் அதே துணி, சூடு வெளிய போகாம இருக்கறதுக்கும் அதே துணி. ஒரு செலவுல ரெண்டு காரியம். மார்கழி வந்தாக் கம்பளி ஒண்ணு வாங்கிப் போத்தி வெய்யி சாமி, பொட்டிக்குக் குளுரப் போகுது.

"இந்தக் கெழவனுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்"னு வாய்க்குள்ள முனகறியே, அது கேக்குது. எனக்குக் காது நல்லாவே கேக்கும், கடன் கேட்டு வர்றவங்க பேசறப்பத்தான் கேக்காது. கம்ப்யூட்டரு எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். சூடு தெரியும். வைண்டிங் பட்டறையில பம்ப்செட்டு மோட்டாருக்கும் தறி மோட்டாருக்கும் காயில் கட்டியே ரேகை தேஞ்சவன் நானு. பி கிளாஸ் இன்சுலேசன்னா 130 டிகிரி வரைக்கும் தாங்கும், எஃப் கிளாஸ்னா 155. அதைத் தாண்டிப் பத்துப் பத்து டிகிரியா ஏற ஏற, ஆயுசு பாதி பாதியாக் கொறையும்னு பட்டறையில சொல்லுவாங்க. உன்ற மதர்போர்டு மேல உருண்டையா நிக்குது பாரு கெப்பாசிட்டரு, அதுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். கரண்டு ஓடற சாமான் அத்தனையும் சூட்டுக்குப் பயந்து பொழைக்கறதுதான். இங்கிலீசுல பேரு வெச்சுட்டா மட்டும் சூடு மரியாதை குடுத்து அக்கட்டால போயிருமா?

ஆனா மோட்டாருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்குது, அதை நெனைச்சா எனக்குச் சிரிப்பு அடக்க முடியறதில்லை. எங்க மோட்டாரு குடிக்கற கரண்டுல பெரும்பங்கு பம்பைச் சுத்தற வேலையாப் போகும், தண்ணி மேல வந்து தொட்டியில விழுகும். மிச்சம் மீதிதான் சூடு. உன்ற பொட்டி 65 வாட்டு குடிச்சா 65 வாட்டும் சூடாத்தான் வெளிய வரும். கிராபிக்ஸ் கார்டும் சேந்துக்கிட்டுக் கேம் ஆடறப்ப 300 வாட்டு குடிச்சா, அந்த முன்னூறும் அனலு. நீ சுட்ட துப்பாக்கி, ஓட்டுன காரு, ஜெயிச்ச கப்பு எல்லாம் கடைசியில ரூமுக்குள்ள வெக்கையாத்தான் வந்து நிக்குது. கத்திரி வெய்யல்ல ஒரு ஹீட்டரைப் போட்டு ஓட்டிக்கிட்டு, தலைக்கு மேல ஃபேனையும் அஞ்சுல வெச்சுக்கிட்டு, "என்ன அப்பாரு இப்படி வேகுது"ன்னு எங்கிட்ட வந்து கேக்கறே பாரு, அந்த மனசு யாருக்கு வரும்.

சரி, அந்த அனல் போறதுக்கு எங்கயாவது தடம் உட்டிருக்கியா? மேசைக்கு அடியில மரத்துல ஒரு அறை அடிச்சு, அதுக்குள்ள பொட்டியைத் தள்ளி, முன்னால கதவு. கதவுக்குப் பூட்டு வேற. யாரு திருடிக்கிட்டுப் போறாங்க? பின்னால செவுத்தோட ஒட்டிக் கெடக்குது. சூடான காத்து வெளிய வர்ற ஓட்டை அந்தப் பின்பக்கம்தான் இருக்குதுங்கற விசயம் ஆசாரிக்கும் தெரியலை, உனக்கும் தெரியலை. பக்கத்துலயே யூபிஎஸ், அது தன் பங்குக்கு ஒரு சூடு. அந்தச் செவுரும் பாத்து எடுத்தியா, மேக்காலச் செவுரு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அதுல சாஞ்சா முதுகு வெந்து போகும்.

அறைக்குள்ள போன காத்து அதை உட்டு வெளிய வர முடியாம, பொட்டியிலருந்து வந்த காத்தே மறுபடியும் பொட்டிக்குள்ள போயி, அதுவே சுத்திக்கிட்டுக் கெடக்குது. காத்தாடி எத்தனை வேகமாச் சுத்துனாலும் ரூமுல இருக்கற காத்தைத்தான் அது அடிக்கும், ஊட்டியிலருந்து தருவிச்சு அடிக்காது. தை மாசத்துல ரூமு 28 டிகிரி இருக்கறப்ப உன்ற சிப்பு 70ல ஓடுச்சுன்னு வெய்யி. சித்திரையில ரூமு 40 ஆச்சுன்னா, அதே வேலைக்கு அதே சிப்பு 82கிட்ட வந்து நிக்கும். அது பொட்டி பண்ணுன குத்தமில்லை, சூரியன் பண்ணுன குத்தம். அதனால மொதல்ல கதவைக் கழட்டி அட்டாலியில போடு. பொட்டியைச் செவுத்துலருந்து ஒரு சாண் முன்னால இழு. துணியை அப்பத்தாகிட்டயே குடுத்துரு, ஒறம்பரை வந்தாச் சோபாவுக்குப் போட்டுக்கட்டும். இதுக்கெல்லாம் நயா பைசா செலவில்லை. செலவில்லாத வைத்தியம்கறதால உனக்கு நம்பிக்கை வராது, அதுவும் எனக்குத் தெரியும்.

அப்புறம் அளந்து பாரு. கை சுடுதுங்கறது ஒரு கணக்கா? கோர் டெம்ப்னு ஒரு சின்ன சாஃப்ட்வேரு ஓசியாவே கிடைக்குது. பனிக்கட்டியெல்லாம் காட்டாது, டிகிரியை மட்டும் காட்டும். நம்மூரு கோடையில சும்மா இருக்கறப்ப 45, 50ன்னு காட்டுனா உட்டுத் தள்ளு. கேம் ஆடறப்ப 80ஐத் தொட்டாலும் பதறாத. சும்மா இருக்கறப்பவே 80ல நின்னா, இல்லை கேமைத் தொறந்ததும் மடமடன்னு 100க்கு ஏறுனா, அப்பத்தான் சோலி இருக்குது.

100ங்கறது சும்மா சொல்ற நம்பரில்லை. இன்டெல் சிப்பு நெறையத்துக்கு அதுதான் வரம்பு. ஏஎம்டி ரைசன்ல 90, 95னு இருக்கும். அங்க போனதும் சிப்பு தன் வேகத்தைத் தானே கொறைச்சுக்கும். "பொட்டி ஸ்லோ ஆயிருச்சு, பழசாப் போச்சு, புதுசு வாங்கோணும்"னு உன்ற அப்பங்கிட்ட அழுதியே, அது பழசாகலை கண்ணு. உசுரைக் காப்பாத்திக்கறதுக்கு மெதுவாப் போகுது. அப்படியும் சூடு அடங்கலைன்னாத் தன்னைத்தானே அணைச்சுக்கும். அது அணையறது அதோட புத்திசாலித்தனம். அணைஞ்சதும் நீ மளார்னு மறுபடியும் பட்டனை அமுக்கறது உன்னோட புத்திசாலித்தனம். சூட்டுலருந்து தன்னைக் காப்பாத்திக்கற புத்தி எல்லாச் சிப்புக்கும் பொறப்புலயே வந்ததில்லை. 2001ல டாம்ஸ் ஹார்டுவேர்ங்கற வெப்சைட்டுக்காரங்க ஓடிக்கிட்டிருக்கற கம்ப்யூட்டருல சிப்பு மேல சூட்டை உறிஞ்ச இருந்த ஹீட்சிங்கைப் புடுங்கிக் காட்டுன வீடியோவை நீதான எனக்குப் போட்டுக் காட்டுனே? பென்டியம் 4 வேகத்தைக் கொறைச்சுக்கிட்டுத் தப்பிச்சுது. ஏஎம்டியோட அத்லான் புகைஞ்சு போச்சு. அதைப் பாத்து நீ சிரிச்சே. நான் அப்பவே உன்ற மேசைக்கு அடியில ஒரு பார்வை பாத்தேன்.

அளந்ததோட கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் தொற. நீ ஒண்ணுமே பண்ணாம கையைக் கட்டி உக்காந்திருக்கறப்ப சிபியு 100ன்னு காட்டுச்சுன்னா, பேரு தெரியாத எவனோ உள்ள உக்காந்து வேலை வாங்கிக்கிட்டிருக்கானோன்னு சந்தேகப்படு. ஓசியில ஒரு கேம் எறக்குனியே போன மாசம், காசு குடுத்தா ரெண்டாயிரம் ஆகும்னு பெருமை பேசுனியே, அதுல ஒட்டிக்கிட்டு வந்திருப்பான். உன்ற பொட்டியில ஏதோ ஒரு கிரிப்டோ காயினை அவன் அரைச்சுக்கிட்டிருப்பான், கரண்டு பில்லு உன்ற அப்பன் கட்டிக்கிட்டிருப்பான். ஓசியாக் குடுக்கறவன் மாதிரி வட்டிக்காரன் இல்லை சாமி. அந்தக் கேமையும் ஒட்டிக்கிட்டு வந்தவனையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் டிகிரியைப் பாரு.

அதுவும் இல்லைன்னா, பொட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டி வெச்சுட்டு என்ற டேபிள் ஃபேனை அதுக்கு நேராப் போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பாரு. பதினஞ்சு டிகிரி எறங்கிருச்சுன்னா, காத்துப் போக்குவரத்துலதான் கோளாறு. எறங்கவே இல்லைன்னா, சிப்புக்கும் அதும்மேல உக்காந்திருக்கற ஹீட்சிங்குக்கும் நடுவுல ஏதோ மனஸ்தாபம். மூடியைக் கழட்டியே நெரந்தரமா ஓட்டிக்கலாமான்னு கேப்பே. ஓட்டிக்க. பல்லி குடித்தனம் வரும், பஞ்சும் வரும். பஞ்சைப் பத்தித்தான் இப்பச் சொல்லப் போறேன்.

நம்மூடு தறிக்காரங்க ஊடு. சோமனூரு, பல்லடம் சுத்துவட்டாரத்துல தறிக்குடோனு ஒட்டி இருக்கற எந்த ஊட்டுக்கு வேணாப் போய்ப் பாரு, மிக்சிக்குள்ள பஞ்சு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால பஞ்சு, சாமி படத்துக்கு மேலயும் பஞ்சு. கம்ப்யூட்டருக்கு மட்டும் விலக்கு உண்டா? நீ மூடியைத் தொறந்து ஒரு தடவை பாத்துட்டு, "காத்தாடி சுத்தமாத்தான் இருக்குதுங்கப்பாரு, சுத்துதுங்க"ன்னே. சுத்தும். மேல இருந்து பாத்தாச் சுத்தமாத்தான் தெரியும். அந்தக் காத்தாடியை நீக்கிட்டு அடியில பாக்கோணும். காத்தாடிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவுல, பஞ்சும் தூசியும் முடியும் சேந்து படிஞ்சு, விரல் நகத்துல நெம்புனா முழுசா ஒரே துண்டா எந்திரிச்சு வரும். அடியில தகட்டோட வரி வரியா அச்சு உழுந்திருக்கும். பாவும் ஊடையும் இல்லாமயே உள்ள ஒரு துணி நெஞ்சு முடிஞ்சிருக்குது. ஒழுங்கா வெச்சிருந்தா மீட்டருக்கு இவ்வளவுன்னு பேசியிருக்கலாம். காத்தாடி பாட்டுக்கு அந்தத் துணி மேல காத்தை அடிக்குது, தகட்டுக்கு ஒரு சொட்டுக் காத்து எறங்கலை. டப்புனு அணையறதுக்கு நெறைய ஊட்டுல இதுதான் காரணம்.

துடைக்கறதுக்கு முன்னால பிளக்கைப் புடுங்கு. சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது, வயரையே கழட்டு. கழட்டிட்டு ஆன் பண்ற பட்டனைச் சித்த நேரம் அமுக்கிப் புடி, உள்ள தங்கியிருக்கற கரண்டு வடிஞ்சிரும். பொட்டியைப் பொடக்காளிக்குத் தூக்கிக்கிட்டுப் போ, ஊட்டுக்குள்ள பண்ணாத. அங்க எழுந்த தூசி பூராவும் சாயங்காலத்துக்குள்ள மறுபடியும் பொட்டிக்கே வந்து சேரும். மூக்குக்குத் துண்டு கட்டிக்க. பெயிண்ட் பிரஷ் புதுசு ஒண்ணு எடுத்துத் தகட்டு இடுக்குல தட்டு, அப்புறம் பட்டறையில இருக்கற புளோயரை வெச்சு ஊது. ஊதறப்பக் காத்தாடியை விரல்ல அழுத்திப் புடிச்சுக்கோணும். உடமாட்டேன்னு தெரியும், அது சர்ர்ருனு சுத்தறதைப் பாக்க உனக்கு ஆசையா இருக்கும். கம்ப்யூட்டருல ஓடற வேகத்துக்கு மேல பல மடங்கு சுத்துனா பேரிங்கு போயிரும். வேக்குவம் கிளீனரை உள்ள நீட்டாத, அதோட பிளாஸ்டிக் மூக்குல ஸ்டாட்டிக் கரண்டு உண்டாகி போர்டைக் கெடுக்கும். ஈரத்துணி, சீமாறு ரெண்டையும் அப்பத்தா எடுத்துக்கிட்டு வரும், நல்ல வார்த்தை சொல்லித் திருப்பித் தாட்டி உட்டுரு.

தூசி போயும் சூடு போகலைன்னா அந்த மனஸ்தாபத்துக்கு வரலாம். இன்டெல் கம்ப்யூட்டர்ல சிப்போட குடுக்கற ஹீட்சிங்குக்கு நாலு மூலையிலயும் நாலு பிளாஸ்டிக் காலு இருக்குது பாரு. நாலும் போர்டுல இருக்கற ஓட்டையில எறங்கி "டக்"னு சத்தம் குடுத்திருக்கோணும். மூணு உக்காந்து ஒண்ணு உக்காரலைன்னாலும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரல்ல லேசா ஆட்டிப் பாத்தா ஆடும். தலையில போட்டிருக்கற அம்புக்குறி பக்கம் திருப்புனாக் கழலும். மாட்டறப்ப எதிர்ப்பக்கம் திருப்பி வெச்சுட்டு, எதிரெதிர் மூலையா ரெண்டு ரெண்டாச் சேத்து அமுக்கு. ஒரே பக்கத்துல ரெண்டையும் மொதல்ல அமுக்குனா இந்தப் பக்கம் குந்தும், அந்தப் பக்கம் எந்திரிக்கும்.

கழட்டுனதும் அடியில சாம்பல் கலர்ல காஞ்சு போயி ஒரு பேஸ்ட்டு இருக்கும். நாலஞ்சு வருசமானா அது காயத்தான் செய்யும். சிப்பு மூடியும் ஹீட்சிங்க் அடியும் கண்ணுக்கு வழவழன்னு இருந்தாலும் ரெண்டுலயும் மேடு பள்ளம் உண்டு, அந்தப் பள்ளத்துல காத்து நின்னுக்கிட்டாச் சூட்டைக் கடத்தாது. பேஸ்ட்டு அந்தப் பள்ளத்தை நெரப்பத்தான். மெடிக்கல்ல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, பஞ்சுல தொட்டுப் பழசைத் துடைச்செடு. ஆல்கஹால்ங்கற பேரைக் கேட்டதும் உன்ற சின்ன மாமன் எட்டிப் பாப்பான், அது வெசம்னு சொல்லி வெய்யி. புதுசு ஒரு பட்டாணி அளவு நடுவுல வெச்சு அமுக்குனாப் போதும். உன்ற சிநேகிதன் ஒருத்தன் கல்யாண ஊட்டுச் சந்தனமாட்ட அரை டியூப்பை அப்பி வெச்சிருந்தானே, அது சூட்டை ஒண்ணும் கூடுதலாக் கடத்தாது, ஓரத்துல வழிஞ்சு போர்டுல எறங்கும். இன்னொருத்தன் புது ஹீட்சிங்க் அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தை உரிக்காமயே மாட்டிட்டு, கம்பெனி ஏமாத்திப் போட்டுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அவன் இப்ப கம்ப்யூட்டரு சர்வீஸ் கடை வெச்சிருக்கான், நல்லா ஓடுதாமா.

நீயா வாங்கி மாட்டுன அந்தக் கலர் லைட்டுக் காத்தாடிக்கு வருவோம். லைட்டு அருமை. ராத்திரியில பாத்தா மாரியாத்தா நோம்பிக்குச் சீரியல் செட்டுப் போட்ட கணக்கா இருக்குது. ஆனா பின்னால இருக்கறது உள்ள காத்தடிக்குது, முன்னால இருக்கறதும் உள்ள காத்தடிக்குது. ரெண்டு பக்கமும் உள்ளயே வந்தா வெளிய போறது யாரு? காத்தாடிச் சட்டத்துல குறுக்குக் கம்பி இருக்கற பக்கமாத்தான் காத்து வெளிய வரும், அதைப் பாத்து மாட்டு. முன்னால உள்ள, பின்னால வெளிய. நம்பிக்கை இல்லைன்னா ஊதுவத்தியைப் பத்த வெச்சுக்கிட்டுப் பக்கத்துல புடி, பொகை எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். அப்பத்தாவும் பொட்டிக்குப் பூசை பண்றேன்னு சந்தோசப்படும். கிராபிக்ஸ் கார்டுல காத்தாடி நிக்குதேன்னு கூப்பாடு போடாத, சூடு கம்மியா இருந்தா நிக்கற மாதிரியே இப்பச் செய்யறாங்க. கேம் ஓடறப்பவும் நின்னாத்தான் எங்கிட்ட வா.

டிகிரி நல்லா இருந்தும் டப்புனு அணையுதுன்னா, அது பொட்டிக்குக் கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸா இருக்கலாம். அதைத் தொறக்காத. இந்த ஒரு விசயத்துல கிண்டல் இல்லை. வயரைப் புடுங்குன பின்னாலயும் உள்ள இருக்கற கெப்பாசிட்டரு கரண்டைப் புடிச்சு வெச்சிருக்கும், அடிச்சாப் பலமா அடிக்கும். அப்படியே கழட்டிப் புதுசு மாத்து.

டவுனுக்குத் தூக்கிக்கிட்டுப் போனப்ப அந்தக் கடைக்காரன் மூடியைக் கூடத் தொறக்காம "மதர்போர்டு போயிருச்சுங்க, புதுசு போட்டாத்தான்"னானாமா. அப்பேர்ப்பட்ட ஞானதிருஷ்டி. நீயும் அதுக்குத் தலையாட்டிட்டு, போடறதுதான் போடறோம்னு தண்ணி ஓடற லிக்விட் கூலரும் வேணும்னு உன்ற அப்பங்கிட்ட கேட்டிருக்கறே. தண்ணி சூட்டைக் குடிச்சுருமா? குழாய் வழியாத் தூக்கிக்கிட்டுப் போயி ரேடியேட்டருல வெக்கும், அங்கயும் ஒரு காத்தாடிதான் ஊதோணும், ஊதுன அனலு இதே ரூமுக்குள்ளதான் வரோணும். மூடுன கதவுக்குள்ள தண்ணி ஓடுனா என்ன, பன்னீரு ஓடுனா என்ன?

ஞாயித்துக்கெழமை தறி நிக்கும், பஞ்சு பறக்காது, அன்னிக்கு வெடியால ஆரம்பி. முடிச்சதும் அரைமணி நேரம் கேம் ஆடி டிகிரியைக் குறிச்சு வெய்யி, முன்னால அளந்ததோட ஒப்பிட்டுப் பாக்கலாம். எனக்கும் ஒரு நாற்காலி போட்டுரு, மேஸ்திரி வேலை நான் பாக்கறேன். ஆனா ரெண்டு மணிக்குள்ள முடிச்சாகோணும் கண்ணு. அந்த மேக்காலச் செவுத்துகிட்ட அதுக்கு மேல உக்கார என்னால ஆகாது, எனக்கு ஆண்டவன் ஹீட்சிங்க் வெச்சு அனுப்பலை.